திருச்சியிலிருந்து பெர்த்: ஏழு மணி நாற்பது நிமிடம்

ஜூன் 4, புதன்

திருச்சி விமான நிலையத்திலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் விமான நிலையத்துக்கு 6,184 கிலோமீட்டர் என்று ஓர் இணையப் பக்கம் சொல்கிறது. பயண நேரம் ஏழு மணி நாற்பது நிமிடமாம். அந்தப் பாதையில் ஒரு விமானமும் கிடையாது என்ற சின்ன விஷயத்தை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. கீழே இன்னொரு வரி: "மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காரில் சென்றால் 103 மணி நேரம்." இந்தியப் பெருங்கடலில் யார் சாலை போட்டார்கள், எந்த கோட்டப் பொறியாளர் கையெழுத்துப் போட்டார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

மகள் சுகன்யா அனுப்பிய டிக்கெட்டின்படி திருச்சி–சிங்கப்பூர் 2,981. சிங்கப்பூர்–பெர்த் 3,912. கூட்டினால் 6,893. ஆக 709 கிலோமீட்டர் அந்தப் பக்கத்தில் காணாமல் போயிருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டியவன் நான். கீரனூர் தாண்டி ஒரு கிலோமீட்டர் கல்லை நூறு மீட்டர் தள்ளி நட்டதற்கு மெமோ வாங்கியிருக்கிறேன். இவர்களுக்கு மெமோ கொடுக்க ஆளில்லை.

சௌந்தரம் 25ஆம் தேதி போகிறாள். மகளுக்கு ஜூலை பத்துவாக்கில் பிரசவம். சுகன்யா இரண்டு டிக்கெட் போட்டிருந்தாள். விசாவும் இரண்டு பேருக்கும் வந்து கிடக்கிறது. மார்ச்சில் கைரேகை கொடுக்கச் சென்னைக்கு இவளுக்குத் துணையாகப் போனவனையும் உட்காரவைத்து விரலை அழுத்தினார்கள். என் டிக்கெட்டை ரத்து செய்யச் சௌந்தரத்திடம் சொல்லிவிட்டேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா. சௌந்தரம் "ம்" என்றாள்.


ஜூன் 5, வியாழன்

25ஆம் தேதி புதன்கிழமையாம். புதனன்று வடக்கே சூலமாம். திருச்சி நமக்கு வடக்கே இருக்கிறதாம்.

"பெர்த் தென்கிழக்கில் இருக்கிறது" என்றேன்.

"வீட்டை விட்டு எந்தப் பக்கம் கெளம்புறோம்? அதச் சொல்லுங்க."

நாற்பது வருடமாக இவளோடு திசை பற்றிப் பேசி நான் ஜெயித்ததில்லை.


ஜூன் 6, வெள்ளி

பரஸ்தானம் வைத்தாயிற்று. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முன்பே ஒரு நல்ல நாளில் பையை மட்டும் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அந்த நிமிடமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஆள் எந்த நாள் கிளம்பினாலும் தோஷமில்லை. பை மட்டும் வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது.

வடக்கே மூன்றாவது வீடு மெஹருன்னிசா டீச்சருடையது. ஒன்பதே காலுக்கு நல்ல நேரம் என்று சௌந்தரம் பழைய நீல நிறப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். டீச்சர் அதை வாங்கி அலமாரிக்கு மேல் வைத்து, "இன்ஷா அல்லாஹ், நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று வாழ்த்தி அனுப்பினாராம். டீச்சர் வீட்டில் சூலத்துக்கு என்ன மரியாதை என்று நான் கேட்கவில்லை.

எரிச்சல் என்னவென்றால், எனக்குத் தெரிந்து பரஸ்தானம் என்பது மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். இவள் பத்தொன்பது நாள் முன்பே வைக்கிறாள். அதுவும் பார்த்தால் இன்று காலண்டரில் சதயத்துக்குச் சந்திராஷ்டமம். இவள் சதயம். என் அனுஷத்துக்கு வேண்டுமானால் இன்று பிரமாதமான நாள். இவ்வளவு நாள் நட்சத்திரம் பார்ப்பவள் தன் நட்சத்திரத்தைப் பார்க்க மறந்துவிட்டாள். சொன்னேன். "பரவால்ல" என்றாள்.


ஜூன் 8, ஞாயிறு

பழுப்புக் கட்டம் போட்ட சட்டையைக் காணவில்லை. இஸ்திரி மாரிமுத்துவின் வேலைதான்.


ஜூன் 9, திங்கள்

இன்னொரு பையும் டீச்சர் வீட்டுக்குப் போயிற்று. பெரியது. சிவப்பு. வெள்ளிக்கிழமை போனதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "குளிருக்கு" என்றாள். அங்கே ஜூனில் குளிர்காலமாம். உலகத்தில் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யும் ஒரு தேசத்துக்கு என் மகள் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

இணையப் பக்கத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். விமானமே இல்லாத பாதைக்குப் பயண நேரம் போடுவது பொதுமக்களைத் திசைதிருப்பும் செயல் என்று இரண்டு பத்தி. ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது. ஒரு நிமிடத்தில் எந்த மனிதன் இரண்டு பத்தி படிக்கிறான்?


ஜூன் 11, புதன்

சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். அதுதான் என் கவலை. இவள் தனியாக மதுரைக்குக்கூடப் போனதில்லை. எனவே ஒரு வரைபடம் போட்டேன். சாலைத் திட்டத்துக்குப் போடுவது போலவே: இறங்கும் வாசல் பூஜ்யம், 120 மீட்டரில் கழிவறை, 300இல் நகரும் நடைபாதை, 540இல் தகவல் மேசை, ஏறத்தாழ 900இல் ஏறும் வாசல். நாலு வண்ணத்தில். மூன்று நாள் வேலை.

மாலையில் பரீட்சை வைத்தேன்.

"இறங்குன உடனே என்ன பண்ணுவ?"

"சுகன்யாவுக்கு போன் போடுவேன்."

"அதுக்கு முன்னாடி."

"பாத்ரூம் போவேன்."

"பலகையப் பாக்கணும். உன் விமானத்து நம்பர் பலகையில வரும். எத்தனாவது வாசல்னு போட்டிருக்கும். அது தெரியலன்னா?"

"யாரையாவது கேப்பேன். வாய் இருக்குல்ல."

இரண்டு மணி நேரம் அந்த ஊரில் இவள் வாயை நம்பி இருக்கப் போகிறாள். வரைபடத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தாளித்த வாசனை வரைபடத்தில் ஏறியிருக்கும்.


ஜூன் 13, வெள்ளி

படிக்கும் கண்ணாடிகள் இரண்டில் ஒன்று இல்லை. கொடைக்கானலில் வாங்கிய ஸ்வெட்டரும் இல்லை. ஸ்வெட்டரை நான் தேடவில்லை. அலமாரியில் அது இருந்த இடம் காலியாக இருந்ததால் தெரிந்தது. கண்ணாடியை இஸ்திரிக்காரர் எடுத்திருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இப்போது காணாமல் போன வெள்ளைச் சட்டை இரண்டும்?

மாரிமுத்துவிடம் நேரில் போனேன். வண்டியில் கரி ஊதிக்கொண்டிருந்தார்.

"சார், போன வாரம் எட்டு உருப்படி வாங்குனேன். எட்டும் குடுத்துட்டேன். நோட்டுல இருக்கு."

"அப்ப சட்டை பறந்து போச்சா?"

"அம்மாகிட்டக் கேளுங்க சார்."

"அவகிட்ட என்ன கேக்குறது? ஒன்கிட்டதான போட்டேன்."

மாரிமுத்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஒரு பாவாடை மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பதினோரு வருடப் பழக்கம் ஒரு பழுப்புச் சட்டையில் முடிகிறது.


ஜூன் 14, சனி

ஒன்றுமில்லை.


ஜூன் 16, திங்கள்

சுகன்யா பேசினாள். திரையில் முகம் உப்பியிருந்தது. குழந்தை நன்றாக இருக்கிறதாம். தலை கீழே திரும்பிவிட்டதாம்.

"மொத்தம் எத்தனை மணி நேரம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"பதினோரு மணி நேரம்பா. ட்ரான்சிட்டோட."

"அந்தப் பக்கத்துல ஏழு மணி நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கு."

"அப்பா, அது சும்மா கணக்குப் போட்டு வர்ற நம்பர்."

"அப்ப ஏன் போடுறாங்க?"

"நீங்க வரலைல்ல, உங்களுக்கு எதுக்குப்பா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். போனைச் சௌந்தரத்திடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சினேன். மழை பெய்த மண்ணுக்கு எதற்குத் தண்ணீர் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.


ஜூன் 17, செவ்வாய்

வழியில் டீச்சரைப் பார்த்தேன். "அண்ணே, உங்க பையெல்லாம் பத்திரமா இருக்கு, கவலப்படாதீங்க" என்றார். என் பை இல்லை, அவள் பை என்று திருத்தினேன். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். திருத்தினால் பிடிக்காது. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ரத்த அழுத்த மாத்திரை அட்டை இரண்டு இருந்தது. இன்று பார்த்தால் ஒன்றில் எட்டு மட்டும் மிச்சம். மற்ற அட்டையைக் காணோம். "தீந்திருக்கும்" என்கிறாள். ஒரு நாளைக்கு ஒன்று போடுகிறவனுக்கு எப்படித் தீரும்? இந்த வீட்டில் கூட்டல் கழித்தல் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.


ஜூன் 19, வியாழன்

2020 விஷயத்தை இங்கே எழுதுவதில்லை என்று இருந்தேன். நேற்று சௌந்தரம் பேசிவிட்டதால் எழுத வேண்டியிருக்கிறது.

மறுபடி சிங்கப்பூர் வரைபடத்தை எடுத்தேன். 540 மீட்டரில் தகவல் மேசை என்று மூன்றாவது முறை சொல்லிக்கொடுத்தேன். அவள் மறுபடி தப்பாகச் சொன்னாள். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "இந்த லட்சணத்துல தனியா எப்படிப் போவ? டெலிவரி முடிஞ்சு அவளே கொழந்தையத் தூக்கிட்டு வரட்டும்" என்றேன்.

அவள் கையிலிருந்த முருங்கைக்கீரையை முறத்தில் வைத்தாள்.

"ஒரு தடவ உங்க பேச்சக் கேட்டுத் திரும்பி வந்தாச்சு. இந்தத் தடவ நீங்க வந்தாலும் வராட்டியும் நான் போறேன்."

"அன்னிக்கு எனக்கு நெஞ்சு வலி."

"ஈசிஜில ஒண்ணும் இல்ல."

"இல்லன்னு தெரியறதுக்கு முன்னாடி வலி வலிதான?"

"சுகன்யா ஏழு மாசத்துல கொழந்தையப் பறிகுடுத்துட்டுத் தனியாக் கெடந்தா. போயி நான் அவளுக்குக் கஞ்சி வச்சுக் குடுத்திருக்கணும். ஆஸ்பத்திரில உங்க பக்கத்துல உக்காந்து அந்தக் காகிதம் ஓடுறதப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிப்ரவரி 2020. திருச்சி விமான நிலையம். பெட்டியைப் போட்டாயிற்று. சோதனை முடிந்து உள்ளே உட்கார்ந்தாயிற்று. அழைப்பு வந்து எல்லாரும் எழுந்து நின்றபோது நானும் எழுந்தேன். எழுந்து எதிர்ப் பக்கம் நடந்தேன். வேர்த்து ஊற்றியது. அடுத்த மாதம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அடுத்த மாதம் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் அந்த ஊர் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு சுகன்யாவே இரண்டு முறை வந்து போனாள். வந்தபோது அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பதும் உண்மைதான்.


ஜூன் 20, வெள்ளி

அவள் வழக்கம்போலப் பேசுகிறாள். வெண்டைக்காய் முற்றல் என்கிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.


ஜூன் 22, ஞாயிறு

ஷேவிங் செட் இல்லை. இப்போது மாரிமுத்துவையும் குற்றம் சொல்ல முடியாது. வயதானால் மறதி வரும் என்பார்கள். எனக்கு வந்துவிட்டதோ என்று ஒரு பயம். டாக்டரிடம் காட்ட வேண்டும். இவள் ஊருக்குப் போன பிறகு தனியாகவே போய்க் காட்டுவேன்; எல்லாம் தனியாகவே செய்து பழகவேண்டியதுதான்.

சௌந்தரத்திடம் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டது போலிருந்தது. "ஒங்களுக்கு மறதியெல்லாம் இல்ல" என்றாள். அதில் இவ்வளவு நிச்சயம் இவளுக்கு எப்படி?


ஜூன் 24, செவ்வாய்

நாளை பதினொன்றரைக்கு விமானம். எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். ஏழு மணிக்கு வாடகைக் கார் வரும். வீட்டு வாசலிலிருந்து விமான நிலைய வாசல் வரை 46.3 கி.மீ. இந்தக் கணக்கு என்னுடையது. அந்த இணையப் பக்கத்துடையது அல்ல. நான் வாசல் வரை போய் விட்டுவிட்டு அதே காரில் திரும்புவேன். கார் மீட்டரைக் குறித்துக்கொள்ள இந்த டைரியைக் கையில் எடுத்துப் போகிறேன்.

சுகன்யாவுக்கு ஊறுகாய், எனக்குப் பருப்புப்பொடி என்று இரண்டு டப்பா செய்தாள். என்னுடைய டப்பாவையும் ஏன் பையில் வைக்கும் துணியில் சுற்றினாள் என்று தெரியவில்லை. கேட்கவில்லை.


ஜூன் 25, புதன். திருச்சி விமான நிலையம்

காலை 10.20. உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆம், உள்ளே.

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலை ஏழுக்குக் கார் வந்தது. இரண்டு நிமிடத்தில் டீச்சர் வீட்டு வாசல். டீச்சர் முதலில் சிவப்புப் பையை உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு உள்ளே போய் நீலப் பையைத் தூக்கி வந்தார். நான் வாங்கினேன். அன்று திறந்து பார்க்காமல் விட்ட பை. இன்று ஜிப் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே பழுப்புக் கட்டம்.

திறந்தேன். சட்டை. வெள்ளைச் சட்டை இரண்டு. கொடைக்கானல் ஸ்வெட்டர். கண்ணாடி. ஷேவிங் செட், என் பல் துலக்கும் பொடியோடு. மாத்திரை அட்டை. நான் கட்டுகிற நாலு வேட்டி, எட்டு மடிப்பாக. பதினெட்டு நாளாக ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் இந்தப் பையில் சேர்த்திருக்கிறாள். டீச்சர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"டிக்கெட்டு?" என்றேன்.

"கேன்சல் பண்ணச் சொன்னீங்க. நான் ம்னு சொன்னேன். பண்ணேன்னு சொல்லலையே."

"சௌந்தரம், என்னால முடியாது. வெளையாடாத."

"ஆறாம் தேதி ஒன்பதே கால்லேருந்து நீங்க பிரயாணத்துலதான் இருக்கீங்க. ஒங்க நட்சத்திரம் பாத்துத்தான் வச்சேன். பத்தொம்பது நாளாச்சு. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவனை இப்படியா மடக்குவது? பையைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோயிருப்பேன். அது திரும்பி வீட்டுக்குள் வரக் கூடாது என்று டீச்சர் சொன்னார். டீச்சருக்கு இதில் என்ன வந்தது? டிரைவர் அதற்குள் இரண்டையும் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

கீரனூர் வரை மீட்டரைக்கூடக் குறிக்கவில்லை. நான் நட்ட கல் ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு ஒன்று.

விமான நிலைய வாசலில் என் பாஸ்போர்ட்டை என் கையில் திணித்தாள். இரண்டு பையையும் தள்ளுவண்டியில் ஏற்றினாள். "வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த நீலப் பையில் என் மாத்திரை இருக்கிறது. வீட்டில் மிச்சம் இருந்த எட்டும் இன்று காலையோடு தீர்ந்துவிட்டது. கண்ணாடி இருக்கிறது. மனிதன் வேறு என்ன செய்வான்? பின்னால் போனேன்.

பெட்டி போடும் இடத்தில் அங்கிருந்த பெண் நீலப் பைக்கு ஒரு நாடா சுற்றி பெல்ட்டில் தள்ளினாள். மாத்திரையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் சௌந்தரம் அதைத் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்; எப்போது மாற்றினாளோ. பை ரப்பர்த் திரைக்குள் நுழைந்து மறைந்தது.

"போயிருச்சு" என்றேன்.

"போகட்டும். பை முன்னாடி போவும். ஆளு பின்னாடி போவணும். அதான பரஸ்தானம்."

சோதனை முடிந்து வந்து உட்கார்ந்தோம். அதே நாற்காலி வரிசை அல்ல, கட்டடமே புதிது. ஆனால் வேர்ப்பது அதே மாதிரிதான் வேர்க்கிறது. இந்தக் காகிதத்தில் என் கை பட்ட இடம் ஈரம்.

சுகன்யா என் நம்பருக்குக் கூப்பிட்டாள். சௌந்தரம் போனை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, அம்மா உள்ள போயாச்சா?"

"போயாச்சு."

"நீங்க வீட்டுக்குத் திரும்பிட்டீங்களா?"

"இல்ல. நானும் உள்ளதான் இருக்கேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "இன்னும் எத்தன மணி நேரம்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எப்போதும் நான்தான் கேட்பேன்.

"பதினோரு மணி நேரம். ட்ரான்சிட்டோட" என்றேன்.

10.50. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். நெஞ்சு வலி இல்லை, அன்றைக்கும் இல்லை. பயம். என் மகள் கஞ்சிக்கு ஆளில்லாமல் கிடந்ததற்குக் காரணம் இந்தப் பயம்தான், கொரோனா இல்லை. ஐந்து வருடமாக இந்த ஒரு வரியை எழுதாமல் எல்லாக் கிலோமீட்டரையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

மாரிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலை.

11.00. அழைத்துவிட்டார்கள். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். சௌந்தரமும் எழுந்துவிட்டாள். என் வரைபடம் அவள் இடுப்பில் செருகியபடி இருக்கிறது, மஞ்சள் கறையோடு. வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

போன தடவை இந்த இடத்தில் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததால்தான் என்னோடு நின்றுபோனாள். இந்தத் தடவை பார்க்கவில்லை. கழுத்து ஒரு பக்கமும் அசையவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றுவிட்டான். இன்னொருத்தி குழந்தையோடு வருகிறாள். இவர்கள் எல்லாரும் எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்துவிடுவார்கள் போலிருக்கிறது. மூன்றாவதாகவாவது போய் நிற்க வேண்டும். பேனாவை மூடுகிறேன்.